வண்டுகளின் வர்க்கமூலம்

பாஸ்கராச்சாரியர் 1150-இல் இயற்றிய 'லீலாவதி'யில் ஒரு வண்டுக் கணக்கு உண்டு. ஒரு வண்டுக் கூட்டம். அதில் பாதியின் வர்க்கமூலம் எத்தனையோ அத்தனை வண்டுகள் மாலதிப் புதருக்குப் பறந்துவிட்டன. முழுக் கூட்டத்தில் ஒன்பதில் எட்டுப் பங்கும் அங்கேயே போய்ச் சேர்ந்தது. எஞ்சியது ஓர் இணை. இரவில் மணத்துக்கு மயங்கித் தாமரைக்குள் புகுந்த ஆண் வண்டு, உள்ளே அடைபட்டு முரல்கிறது. வெளியே பெண் வண்டு மறுகுரல் கொடுக்கிறது. கூட்டத்தில் இருந்த வண்டுகள் எத்தனை?

காட்சியின் அழகைச் சொல்லத் தேவையில்லை. நான் வியப்பது அதற்குள் இருக்கும் எண்களின் பொருத்தத்தை. பாதி, ஒன்பதில் எட்டு, இரண்டு: இவற்றில் எதையாவது மனம்போனபடி அசைத்தால் கணக்கு கலைந்துவிடும்.

முதலில் அந்தப் பாதி. வர்க்கமூலம் வரும் சமன்பாட்டைக் கண்டதும், மூலத்தை ஒரு பக்கம் ஒதுக்கி இருபுறமும் வர்க்கப்படுத்தத்தான் கை போகும். இங்கே அப்படிச் செய்தால் 153, 648 என்று பெரிய எண்கள் வந்து நிற்கும். மொத்த வண்டுகளுக்குப் பெயர் வைக்காமல் அந்த மூலத்துக்கே 'ம' என்று பெயர் வைத்துப் பாருங்கள். பாதிக் கூட்டம் ம², முழுக் கூட்டம் 2ம². ஒன்பதில் எட்டுப் பங்கு போனபின் எஞ்சும் ஒரு பங்கு, புதருக்குப் போன 'ம' வண்டுகளும் அந்த இணையும் சேர்ந்தது. ஆகவே 2ம² = 9ம + 18. மூலக்குறி இருந்த இடமே தெரியவில்லை!

அடுத்து, தீர்க்கும் வழி. மூலமும் அதன் வர்க்கமும் கலந்து வரும் கணக்குகளுக்கு லீலாவதியிலேயே விதி இருக்கிறது. மூலத்தின் குணகத்தில் பாதியை வர்க்கித்து, கொடுத்த எண்ணோடு கூட்டி, வர்க்கமூலம் கண்டு, அந்தப் பாதியைச் சேர்க்க வேண்டும். வர்க்கத்தை நிறைவு செய்வது என்பது இதுதான். நம் சமன்பாட்டை இரண்டால் வகுத்தால் குணகம் 9/2, கொடுத்த எண் 9. குணகத்தில் பாதி 9/4. அதன் வர்க்கம் 81/16. ஒன்பதைக் கூட்டினால் 225/16. மேலே பதினைந்தின் வர்க்கம், கீழே நான்கின் வர்க்கம். மூலம் 15/4, அதோடு 9/4 சேர, 24/4, அதாவது 6. பின்னங்களின் வழியே போய் முழு எண்ணில் வந்து இறங்குகிறோம். பாதிக் கூட்டம் 36, முழுக் கூட்டம் 72. புதருக்குப் போனவை 6, 64, எஞ்சியவை 2.

சமன்பாட்டுக்கு இன்னொரு விடையும் உண்டு: ம = −3/2. அதை வர்க்கித்து இரட்டித்தால் நாலரை வண்டுகள். கணக்கில் இட்டுப் பார்த்தால், பாதி இரண்டேகால், அதன் மூலம் ஒன்றரை. ஒன்பதில் எட்டுப் பங்கு நான்கு. இணையையும் கூட்டினால் ஏழரை. பொருந்தவில்லை. ஆனால் அந்த ஒன்றரையைக் கூட்டாமல் கழித்துப் பாருங்கள்: நான்கும் இரண்டும் ஆறு, ஒன்றரை போக நாலரை. கச்சிதம்! இந்த எண் வழிதவறி வந்ததில்லை. மூலத்தைக் கழிக்கச் சொல்லும் வேறொரு கேள்விக்குச் சரியான விடை அது. வர்க்கப்படுத்தும்போது கூட்டல், கழித்தல் வேறுபாடு அழிந்துவிடுவதால் இரண்டு கேள்விகளுக்கும் விடை சேர்ந்தே வருகிறது. மூலக்குறியோ எதிர்மம் இல்லாத மூலத்தை மட்டுமே குறிக்கும். எந்த விடை நம் கேள்விக்கு உரியது என்பதை முதலில் கேட்ட கணக்கில் இட்டுப் பார்த்தால்தான் அறியலாம். அதனால் சரிபார்ப்பதும் தீர்வின் ஒரு படிதான்.

கடைசியாக அந்த இணை. பாதி முழு வர்க்கமாகவும் மொத்தம் ஒன்பதால் வகுபடவும் வேண்டுமானால் 18, 72, 162, 288 என்றுதான் கூட்டங்கள் அமையும். பதினெட்டில் புதருக்கே 19 வண்டுகள் வேண்டும், ஒன்று குறைகிறது. 162-இல் ஒன்பது எஞ்சும், 288-இல் இருபது. மேலே போகப் போக மிச்சம் பெருகுகிறது. சரியாக இரண்டை மட்டும் விட்டுவைக்கும் கூட்டம் 72 ஒன்றே. காதல் காட்சிக்கு ஓர் இணை வேண்டும். அந்த இணையைத் தரும் எண் எங்கே இருக்கிறது என்பது கணித்தவருக்குத் தெரிந்திருக்கிறது.

மூலத்துக்கே பெயரிடுவது, வர்க்கத்தை நிறைவு செய்வது, விடையை இட்டுப் பார்ப்பது. வர்க்கமூலம் வரும் சமன்பாடுகளைப் பற்றிய பாடத்தில் கற்க வேண்டிய இந்த மூன்றும் ஒரே கணக்கில் அடங்கியிருக்கின்றன. வகுப்பில் விதியைச் சொல்லும் முன் இதைக் கரும்பலகையில் எழுதிவிடலாம். மிச்சத்தை ஒன்பது என்றோ இருபது என்றோ மாற்றி, பிள்ளைகளே அடுத்த கணக்கை உண்டாக்கிக்கொள்வார்கள்.