குற்றவாளி சட்டம் மட்டுமா?

திமூர் குரன் 2011இல் வெளியிட்ட ‘த லோங் டைவர்ஜன்ஸ்’ நூலின் உபதலைப்பு, இஸ்லாமியச் சட்டம் மத்திய கிழக்கைப் பின்தள்ளியது எப்படி என்பதாகும். அதைக் கண்டதுமே நம்மவர் பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம் என்பேன். இஸ்லாம் வியாபாரத்துக்கு விரோதி என்று குரன் சொல்லவில்லை. வட்டித் தடையையும் பிரதான காரணமாகக் காட்டவில்லை.

அவரது வாதம் இதுதான். முழாரபா போன்ற கூட்டு வியாபாரத்தில் ஒரு பங்காளி மௌத்தானால் ஒப்பந்தமும் முடிந்துவிடும்; அவரது பங்கு வாரிசுகள் பலருக்குப் பிரியும். பங்காளிகள் கூடக்கூட இந்த ஆபத்தும் கூடும். ஆகவே கூட்டுகள் சிறிதாகவும் குறுகிய காலத்துக்குமே அமைந்தன. ஆள் போனாலும் தொடர்ந்து நிற்கும் கம்பனி அங்கே உருவாகவில்லை. 1602இல் ஒல்லாந்தர் பங்கு விற்று மூலதனம் திரட்டிக் கிழக்கிந்தியக் கம்பனியை அமைத்ததோடு ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். வக்பு நிலைத்து நின்றது உண்மை. ஆனால் வக்பு செய்தவரின் பத்திரத்துக்குள் கட்டுண்டு கிடந்தது.

இதுவரை உடன்படுகிறேன். என் கேள்வி வேறு: சட்டம் ஏன் மாறவில்லை? மாறக்கூடியதுதான் என்பதற்கு உதுமானியரின் பணவக்பே சாட்சி. காசை வக்பு செய்து, கடனாகக் கொடுத்து, வரும் வருமானத்தில் தர்மம் செய்தார்கள். 16ஆம் நூற்றாண்டில் பிர்கிவி அதைக் கடுமையாக எதிர்த்தார். ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எபெந்தி ஆதரித்தார். நடைமுறையே வென்றது. அப்படியிருக்க, கம்பனிக்கு மட்டும் ஏன் வழி திறக்கவில்லை?

பதில் அரண்மனையில் இருக்கிறது என்றே நினைக்கிறேன். பதவியிலிருந்தவர்களின் சொத்தை சுல்தான் பறிமுதல் செய்ய முடிந்தது. 1839 குல்ஹானே பிரகடனம்தான் அதைக் கைவிடுவதாக வாக்களித்தது. அந்தப் பயத்தில்தான் பலர் சொத்தை வக்புக்குள் ஒதுக்கினார்கள். சொத்துக்கே பாதுகாப்பில்லாத இடத்தில் நூறு பேர் சேர்ந்து முதல் போடுவார்களா? குரன் இதைத் தொட்டுவிட்டு ஓரத்தில் வைத்துவிடுகிறார். ஆட்சியாளர் யாருடைய ஆதரவில் தங்கியிருந்தார் என்பதை ஜாரட் ரூபின் தன் 2017 நூலில் நடுவே வைத்தது இக்குறையை ஓரளவு நிரப்புகிறது.

நம்மட நாட்டையே பாருங்கள். 1931 முதல் நமது வாரிசுரிமைக்குத் தனியான கட்டளைச் சட்டம் இருக்கிறது. பக்கத்திலேயே கம்பனிச் சட்டமும் இருக்கிறது. வாப்பா மௌத்தானால் பிள்ளைகளுக்குப் பிரிவது பங்குகள்; கம்பனி உடைவதில்லை. பாகப்பிரிவினை மட்டும் தடையாக இருந்திருந்தால் இது சாத்தியமா? குரனைச் சும்மா திட்டாமல், இந்தக் கேள்வியோடு வாசிக்க வேண்டும்.