சாதகமும் சவ்வும்

பாட்டு வகுப்பில் பிள்ளைக்குத் தொண்டை கட்டிக்கொண்டால் வாத்தியார் சொல்லும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: இன்னும் சாதகம் பண்ணு. குரல் பிசிறடித்தாலும் அதே, மேல் ஷட்ஜத்தில் நிற்காவிட்டாலும் அதே. இந்த மருந்து பலித்த கதைகள் நிறைய உண்டு. இயற்கையில் இனிய சாரீரம் வாய்க்காத செம்மங்குடி சீனிவாச ஐயர் உழைத்து உழைத்தே அதை வசப்படுத்தினார் என்பது சங்கீத உலகம் அறிந்தது. பலிக்காத கதைகளைத்தான் யாரும் சொல்வதில்லை. குரல் போய் வயலினுக்கோ வீணைக்கோ மாறியவர்களும், பாட்டையே விட்டவர்களும் "சாரீரம் இல்லை" என்ற ஒற்றை வரியில் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறார்கள். சாரீரம் இல்லையா, இருந்ததைச் சாதகமே கெடுத்ததா என்று அறிய, குரல்வளைக்குள்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

குரல்வளை பாடுவதற்கென்று அமைந்த உறுப்பல்ல. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழாயில் இறங்காமல் காப்பதே அதன் முதல் வேலை. அதனால்தான் குரல்நாண்களை அகலத் திறக்க ஒரே ஒரு ஜோடித் தசையும், நெருக்கி மூடப் பல தசைகளும் இருக்கின்றன. சிரமப்படும் தொண்டை எப்போதும் இறுகும் பக்கமே சாயும். சுருதியைப் பார்த்துக்கொள்பவை முக்கியமாக இரண்டு தசைகள். கழுத்தின் முன்னால் விரலுக்குத் தட்டுப்படும் தைராய்டு குருத்தெலும்புக்கும், அதன் கீழே மோதிரம்போல் இருக்கும் கிரிக்காய்டுக்கும் இடையில் கிரிக்கோதைராய்டு தசை இருக்கிறது. அது சுருங்கினால் நாண்கள் நீண்டு மெலிந்து குரல் ஏறும். நாணுக்குள்ளேயே ஓடும் தைரோஅரிட்டினாய்டு தசை அதற்கு எதிர்க்கட்சி. நாணைக் குறுக்கித் தடிப்பாக்கும். இந்த இரண்டின் இழுபறியில்தான் ஒரு ஸ்வரம் நிற்கிறது. தோடியின் காந்தாரம்போல அசைந்துகொண்டே நிற்க வேண்டிய ஸ்வரம் என்றால், இழுபறியின் அளவை ஒரு நொடிக்குள் பலமுறை மாற்றியாக வேண்டும்.

இந்த நுட்பத்தைப் பழக்க, சரளி வரிசையை மூன்று காலத்தில் பாடுவதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. முதல் காலத்தில் தசை ஒவ்வொரு ஸ்வரத்தின் இடத்தையும் தேடிப் பிடிக்கிறது. மூன்றாம் காலத்தில் தேட நேரமில்லை. பழக்கமே கொண்டுபோய் நிறுத்துகிறது. தம்பூரா பின்னால் ஓடிக்கொண்டிருப்பதால் பிசகு உடனே காதில் விழுகிறது. விடியற்காலையில் மந்தர ஸ்தாயி பழகச் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது. தூங்கி எழுந்ததும் நாண்கள் சற்றே உப்பியிருக்கும். தடித்த நாண் தாழ்ந்த ஸ்வரத்துக்கு எளிதில் இறங்கும். காரணம் தெரியாமலே பழக்கம் சரியான நேரத்தைப் பிடித்திருக்கிறது.

ஜண்டை வரிசைக்கு வரும்போது எனக்குச் சந்தேகம் தொடங்குகிறது. ஸஸ ரிரி கக மம என்று இரட்டிக்கையில் இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை அடிவயிற்று மூச்சிலிருந்தும் கொடுக்கலாம். நாண்களை இறுக மூடி, அடைபட்ட காற்றை வெடித்துத் திறந்தும் கொடுக்கலாம். வெளியே கேட்பவருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். "அடிச்சுப் பாடு" என்ற கட்டளையைக் கேட்ட எட்டு வயதுக் குழந்தை எதைத் தேர்ந்தெடுக்கும் என்று ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இந்த "அடித்துப் பாடுதல்" ஒலிபெருக்கி இல்லாத காலத்தின் சொத்து. எஸ்.ஜி.கிட்டப்பா போன்ற நாடக மேடைப் பாடகர்கள் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி உச்சஸ்தாயியில் பாடிப் புகழ்பெற்றார்கள். நான்கு கட்டையில் பாடும் ஆண் தார ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டால் நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 523 முறை அதிர்கின்றன. ஐரோப்பிய ஆபராவில் டெனார் பாடகர்களின் உச்சமாகக் கொண்டாடப்படும் ஸ்வரமும் அதுவே. இங்கே கள்ளக்குரலுக்கும் அனுமதியில்லை. தடித்த நாணோடே மேலே ஏற வேண்டும். கழுத்து நரம்பு புடைக்க, தாடை தூக்க, குரல்வளையே மேலேறி விழுங்கும் தசைகளின் பிடியில் சிக்குகிறது. மைக் வந்தபின் ஆண்கள் ஒரு கட்டைக்கு இறங்கிவிட்டார்கள். சாதகத்தின் முரட்டுத்தனம் மட்டும் இறங்கவில்லை.

1974-இல் ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ குரல்நாணின் அடுக்குகளை விளக்கினார். உள்ளே தசை, அதன்மேல் நார்கள், எல்லாவற்றுக்கும் வெளியே கூழ்போல் மென்மையான படலமும் மெல்லிய சவ்வும். அலையலையாக அதிர்ந்து ஒலி உண்டாக்குவதில் பெரும்பங்கு இந்த மேலுறைக்குத்தான். சாதக முறையின் பெரிய குறையை நான் இங்கேதான் பார்க்கிறேன். பழகப் பழகத் தசை பலப்படும். சவ்வு பலப்படாது, தேயும். ஒரு கட்டை ஷட்ஜத்தில் ஆணின் நாண்கள் நொடிக்குச் சுமார் 131 முறை மோதுகின்றன. ஐந்து கட்டையில் பெண்ணுக்கு 196. இடைவிடாமல் ஒரு மணி நேரம் ஒலித்தால் அவருக்கு நான்கே முக்கால் லட்சம், இவருக்கு ஏழு லட்சம். நெருக்கிப் பாடினால் ஒவ்வொரு மோதலும் பலமாக விழும். நாணின் முன்பகுதியில், மோதல் அதிகமான இடத்தில், இருபுறமும் காய்ப்பு விழுகிறது. அந்த நிலையில் கூடுதல் சாதகம் என்பது புண்ணிலேயே மீண்டும் அடிப்பது.

மிளகுப்பாலும் பனங்கற்கண்டும் அதிமதுரமும் இதற்கு மருந்தென்று நம்புகிறோம். விழுங்கும் எதுவும் நாணைத் தொடாது; தொட்டால் புரையேறிவிடும். தொண்டைக்கு இதம், அவ்வளவே. வாயை மூடிக்கொண்டு ஓய்வாக இருப்பதுதான் நாணுக்கு மருந்து. நம் பாடமுறையில் அதற்கு ஓர் அட்டவணை கிடையாது.

ஐரோப்பாவில் இந்த உறுப்பை எட்டிப் பார்க்க வழி காட்டியவர் ஒரு பாட்டு வாத்தியார்தான். மனுவேல் கார்சியா 1854-இல் சிறு கண்ணாடியைத் தொண்டைக்குள் வைத்து, சூரிய வெளிச்சத்தை இன்னொரு கண்ணாடியால் அதன்மேல் திருப்பி, தன் நாண்கள் அசைவதைத் தானே பார்த்தார். நம் குருமார்களுக்கு அபாரமான காது இருந்தது. கால் சுருதி பிசகினாலும் பிடித்துவிடுவார்கள். ஆனால் மாணவனின் குரல் சரியான வழியில் வந்ததா, தவறான வழியில் வந்ததா என்று அந்தக் காதுக்கு எப்போதும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

குழந்தைகள் விஷயத்தில் இது கூடுதல் ஆபத்து. நாணின் அடுக்குகள் பிறவியிலேயே பிரிந்திருப்பதில்லை. பதின்பருவம் முடியும்போதுதான் முழுதாகத் தேறுகின்றன. ஒரே சுருதிப்பெட்டி, ஒரே கட்டை, பத்துப் பிள்ளைகள் என்று நடக்கும் வகுப்பில் யாரோ சிலர் தங்களுக்கு ஒவ்வாத சுருதியில்தான் தினமும் கத்துகிறார்கள். பையன்களுக்கு மகரக்கட்டு உடையும்போது குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயியே இறங்குகிறது. சிறுவர்களே நடித்த பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் இந்தக் கட்டத்தில் ராஜபார்ட் வேடத்தையே இழந்த பையன்கள் உண்டு. இன்றைய வகுப்பில் அவ்வளவு இழப்பு தேவையில்லை. அந்த மாதங்களில் பையனைத் தாளம் போடவும் ஸ்வரம் எழுதவும் வைத்துவிட்டு, பாடும் நேரத்தைக் கால் மணிக்குக் குறைத்து, குரல் எங்கே வந்து நிற்கிறது என்று பார்த்துக் கட்டையை மாற்றினால் போதும். பக்கத்துப் பெண்ணோடு சேர்ந்து பாட முடியாதே என்பார்கள். தனியாகப் பாடட்டும்.