தொகைமுறையும் புலவர்முறையும்

பண்டை நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவார்க்குச் சொல்லின் வடிவைக் காப்பது ஒரு கடன். செய்யுட்கள் நின்ற வைப்புமுறையைக் காப்பது மற்றொரு கடன். முன்னதனை யாவரும் அறிவர். ஏட்டுக்கு ஏடு வேறுபடும் பாடங்களை ஒப்பு நோக்குதலும், சிதைந்த இடத்தைச் சிதைந்தவாறே புள்ளியிட்டுக் காட்டுதலும், தம் ஊகத்தை மூலத்தொடு கலவாது வேறு நிறுத்துதலும் பதிப்புநெறியின் அரிச்சுவடியாக இன்று கொள்ளப்படுகின்றன. பின்னதோ அத்துணை ஆராயப்படுவதில்லை. பாட்டுக்கள் பிழையின்றி அமைந்தாற் போதும், அவை எம்முறையில் நின்றால் என்னை என்பது பலர் கருத்து. இக்கருத்து எத்துணைப் பொருத்தமுடையதென்பதைச் சங்கச் செய்யுட்களின் பதிப்பு வரலாற்றில் வைத்து நோக்குதல் தகும்.

எட்டுத்தொகையும் பத்துப்பாட்டும் அச்சேறிய காலத்துத் தனித்தனி நூல்களாகவே வெளிவந்தன. சி. வை. தாமோதரம் பிள்ளையவர்கள் 1887-இல் கலித்தொகையை வெளியிட்டார்கள். உ. வே. சாமிநாதையரவர்கள் 1889-இல் பத்துப்பாட்டையும், 1894-இல் புறநானூற்றையும், பின்னர் ஐங்குறுநூறு, பதிற்றுப்பத்து, பரிபாடல் என்பவற்றையும் வெளியிட்டார்கள். நற்றிணை பின்னத்தூர் நாராயணசாமி ஐயரவர்கள் உரையொடு 1915-இல் வெளிவந்தது. இவை பல்வேறு காலத்துப் பல்வேறு அறிஞரால் வெளியிடப்பட்டமையின், அனைத்தையும் ஒருங்கு வைத்துப் பயில விரும்பினார்க்கு இடர் மிகுதியாயிற்று. அவ்விடரை நீக்கும் பொருட்டுச் சைவ சித்தாந்த மகா சமாஜத்தார், எஸ். வையாபுரிப் பிள்ளையவர்களைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, 1940-இல் "சங்க இலக்கியம்" என்னும் பெயரால் பாட்டையும் தொகையையும் ஒருசேர வெளியிட்டனர். 473 புலவர்தம் பெயரும் 2381 பாட்டுக்களும் அடங்கிய அப்பதிப்பு, தொகைமுறையை விடுத்துப் புலவர்முறையை மேற்கொண்டது. ஒரு புலவர் பாடியன எத்தொகையிற் கிடப்பினும் அவையெல்லாம் அவர் பெயரின்கீழ் ஓரிடத்தே திரட்டப்பட்டன.

இம்முறையால் விளைந்த நன்மை சிறிதன்று. கபிலர் பாடியன குறிஞ்சிப்பாட்டு முதலாகப் பல நூல்களிற் சிதறிக் கிடக்கின்றன. அவற்றை ஓரிடத்தே காண்பார்க்கு அப்புலவரது நடையும், அவர் விரும்பியாளும் உவமங்களும், அவராற் பாடப்பட்ட வள்ளல்களும் எளிதிற் புலனாகும். அகத்தும் புறத்தும் ஒருவரே பாடிய செய்யுட்களை அடுத்தடுத்து வைத்து நோக்குவார் காணும் இயைபுகளைத் தனித்தனி நூல் பயில்வார் காண்டல் அரிது. ஆராய்ச்சியாளர்க்கு அப்பதிப்பு உற்ற துணையாயிற்று என்பதில் ஐயமில்லை.

ஆயினும் பெற்றதை எண்ணுங்கால் இழந்ததையும் எண்ணல் வேண்டும்.

புறநானூற்றில் 212 முதல் 223 வரையுள்ள பன்னிரண்டு பாட்டுக்களும் கோப்பெருஞ்சோழன் வரலாற்றைப் பற்றியன. காணாமலே அவன்பாற் கேண்மை பூண்ட பிசிராந்தையார் பாட்டு முதற்கண் நிற்கின்றது. மக்கள்மேற் போர்க்கெழுந்த அவனைத் தடுத்த புல்லாற்றூர் எயிற்றியனார் பாட்டு அதன்பின் வருகின்றது. அடுத்து, வடக்கிருக்கத் துணிந்த சோழன் தானே பாடியன மூன்று. ஆந்தையார் வருவார் என்று அவன் கூறியதும், அவர் வந்தது கண்டு பொத்தியார் வியந்ததும், கண்ணகனாரும் கருவூர்ப் பெருஞ்சதுக்கத்துப் பூதநாதனாரும் பாடியனவும், சோழனையிழந்த உறையூரையும் அவனது நடுகல்லையும் கண்டு பொத்தியார் கலங்கியதும் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. பாடினார் அறுவர், நிகழ்ச்சி ஒன்று. இவற்றை இவ்வாறு நிறுத்தினார் தொகுத்தவரேயாவர். புலவர்முறையில் இப்பன்னிரண்டும் ஆறிடத்துப் பிரிந்துபோம். ஆந்தையாரை எதிர்நோக்கும் சோழன் பாட்டு ஓரிடத்தும், அவர் வரவைக் கண்டு வியக்கும் பொத்தியார் பாட்டு வேறோரிடத்தும் நிற்குமாயின், கற்பான் உள்ளத்து அவ்விரண்டும் சேர்ந்து விளைக்கும் உணர்ச்சி விளையாது.

பாரி வரலாறும் அத்தன்மையதே. 105 முதல் 120 வரையுள்ள பாட்டுக்களுள் 112 ஒன்று ஒழிய ஏனைய கபிலர் பாடியன. பறம்பின் முற்றுகையைப் பாடிய பாட்டுக்களுக்கும், பாரியை இழந்தபின் கபிலர் புலம்பிய பாட்டுக்களுக்கும் இடையே, தந்தையையும் குன்றையும் ஒருங்கிழந்த மகளிர் பாடிய அவ்வொரு பாட்டு நிற்கின்றது. அங்கு நிற்றலானன்றே அது பறம்பின் வீழ்ச்சியை உரையாமல் உரைக்கின்றது. அதனைப் பாரிமகளிர் என்னும் தலைப்பின்கீழ்த் தனித்து நிறுத்துங்கால் பாட்டில் ஓரெழுத்தும் குறையாது. எனினும் அதன் ஆற்றல் குறையும்.

இனி, வைப்புமுறை சுவைக்கு மட்டும் பயன்படுவதன்று; மூலத்தைக் காத்தற்கும் பயன்படுவது. அகநானூற்றில் ஒற்றைப்பட்ட எண்ணுடையன எல்லாம் பாலை. இரண்டும் எட்டும் இறுதியாகிய எண்ணுடையன குறிஞ்சி. நான்கு இறுதியாயின முல்லை. ஆறு இறுதியாயின மருதம். பத்து, இருபது என முடிவன நெய்தல். இவ்வாறு பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் தனித்தனி 40 ஆக நானூறும் நிரம்புகின்றன. ஏடெழுதுவோன் இடையில் ஒரு பாட்டை விட்டானாயின் அதற்குப் பின்வருவனவற்றின் எண்ணும் திணையும் உடனே மாறுபட்டு அவன் வழுவைக் காட்டிவிடும். புதிதாக ஒரு பாட்டை இடையே செருகினும் அவ்வாறே. ஆதலின் தொகுத்த உருத்திரசன்மர் அந்நூற்கு எண்ணாலேயே வேலியிட்டார் எனலாம். ஐங்குறுநூற்றிற் கிழவற்குரைத்த பத்தில் எட்டே கிடைத்தமையின் 129, 130 என்னும் இரண்டும் இறந்தன என்று துணிய முடிகின்றது. பத்து என்னும் வரையறை இல்லையாயின் அவ்விழப்பும் அறியப்படாது ஒழியும். ஐங்குறுநூறும் பதிற்றுப்பத்தும் நூறு நூறாகவும் பத்துப் பத்தாகவும் ஒவ்வொருவர் பாடியன ஆதலின் புலவர்முறையாற் பெரிதும் கலைவதில்லை. கலைவன அகம், புறம், நற்றிணை, குறுந்தொகை என்னும் நான்குமே. அந்நான்கும் தொகுத்தாரது கைத்திறம் மிகுதியும் வேண்டிநிற்பன.

அன்றியும், புலவர்முறை எதனை அடிப்படையாகக் கொள்கின்றது என்பதும் ஆராயத்தக்கது. பாடினார் பெயர் செய்யுளின் பகுதியன்று. செய்யுட்குப் புறத்தே குறிப்பாக எழுதப்பட்டது. அக்குறிப்பிலே பெயர் வேறுபடுதலும், ஒரு பெயரினர் பலராதலும், பலவாறு வழங்கும் பெயர் ஒருவரையே குறித்தலும் கூடும். குறுந்தொகையில் 40-ஆம் பாட்டுடையார் செம்புலப்பெயனீரார் என்றும், 41-ஆம் பாட்டுடையார் அணிலாடு முன்றிலார் என்றும் அவரவர் பாட்டின் சொற்றொடரானே பெயர் பெற்றுள்ளனர். இயற்பெயர் அறியப்படாமையின் தொகுத்தார் இட்டு வழங்கிய பெயர்கள் இவை என்பது வெளிப்படை. இவர்கள் வேறு பெயரால் வேறு பாட்டும் பாடியிருத்தல் கூடுமன்றோ? கபிலர் பெயரால் வழங்கும் பாட்டுக்கள் 235 என்று கணக்கிடுவர். அவற்றுள் 29 கலித்தொகையின் குறிஞ்சிக்கலி. அக்கலி கபிலருடையதென்பது ஐந்து கலிக்கும் ஐவரைக் கூறும் பிற்கால வெண்பா ஒன்றனைப் பற்றியது. கலித்தொகை முழுதும் நல்லந்துவனார் ஒருவரே பாடியதென்பார் கொள்கை வலியுறின் கபிலர் பாட்டு 206 ஆகக் குறையும். புலவர்முறைப் பதிப்பின் வரிசையும் அதனோடு மாறும். பாடினார் பெயரே காணப்படாத பாட்டுக்கள் 102 உள. அவை, பெயரின்மை என்னும் ஒன்றையன்றிப் பிறிதோர் இயைபும் இல்லாமல் ஒருங்கு கிடத்தல் வேண்டும். ஆகவே புலவர்முறை என்பது நூலின் மிக உறுதியான பகுதியைக் கலைத்து, மிக ஐயத்திற்கிடமான பகுதியின்மேல் வரிசையைக் கட்டுவதாய் முடிகின்றது.

அற்றேல், பாட்டின் அயலே தொகையின் பெயரையும் எண்ணையும் குறித்துவிட்டால் முறை அழிந்ததாகுமோ எனின், ஆகாதெனினும் மறைந்ததாகும். எண் தேடுவார்க்குப் பயன்படும். கற்பார்க்கு முறையே பயன்படும். நூலைத் திறந்தவன் எதனை அடுத்து எதனைப் படிக்கின்றானோ அதுவே அவனுக்கு நூல்.

இனித் தேவாரத்தையும் பண்முறை, தலமுறை என இருவகையானும் பதிப்பித்து வழங்குகின்றனரே, அஃது எவ்வாற்றான் அமையும் என்று வினவுதல் கூடும். வினாத் தக்கதே. பண்முறை ஓதுவார்க்கும், தலமுறை தலயாத்திரை செய்வார்க்கும் உதவுவன. எனினும் ஈண்டு வேற்றுமை இரண்டு உள. தலத்தின் பெயர் பெரும்பாலும் பதிகத்தினுள்ளேயே கூறப்படுவது. புலவர் பெயரைப்போலப் புறத்தே நின்றதன்று. அன்றியும், பதிகமே ஓருறுப்பாய் முற்றி நிற்றலின் இடம் பெயரினும் பதிகம் சிதையாது. தலமுறை வந்தபின்னும் பண்முறை வழக்கு வீழாமையும் கருதற்பாலது. ஒரு முறை மற்றொன்றற்குத் துணையாக வருங்கால் குற்றமில்லை. அதன் இடத்தைக் கவர வருங்காலே குற்றமாம்.

வழக்கும் இதற்குச் சான்றாகின்றது. 1957-ஆம் ஆண்டளவில் மர்ரே எஸ். ராஜம் அவர்கள் சங்க நூல்களை வெளியிட்டகாலை அவை மீண்டும் தொகைகளாகவே வந்தன. ஆராய்ச்சியாளர் இன்றும் மேற்கோள் காட்டுவது தொகையின் பெயராலும் எண்ணாலுமே. புலவர்முறைப் பதிப்பைப் பாராட்டுவோரும் அவ்வாறே செய்கின்றனர்.

வையாபுரிப் பிள்ளையவர்கள் மேற்கொண்ட உழைப்பு எளியதன்று. ஒவ்வொரு பாட்டையும் அதனைப் பாடினாரோடு இயைத்துக் கண்டு, சங்கப் புலவர் ஒருவரையும் விடாது நிரற்படுத்தியது தமிழுலகம் மறக்கற்பாலதன்று. ஆயின் அவ்வுழைப்பின் இயல்பான இடம் நூலின் உடலன்று. நூலின் இறுதியிலுள்ள அட்டவணை. தொகைகள் தம் முறையில் நிற்க, புலவர்தோறும் அவர் பாட்டின் எண்களை நிரல்பட விளக்கும் விரிந்ததோர் அகராதி உடன் சேருமாயின், புலவர்முறையால் வரும் நன்மை ஒன்றும் குறையாது. தொகைமுறையின் இழப்பும் நேராது.

தொகை என்பது பாட்டுக்களின் குவியலன்று. பூரிக்கோவும் உருத்திரசன்மரும் கூடலூர் கிழாரும் பெயர் தெரியாத பிறரும் ஆராய்ந்து இயற்றிய கோவை அது. மணியைக் காத்து நூலிழையை அறுத்தவன் மாலையைக் காத்தவன் ஆகான். பாட்டியற்றினாருக்குச் செய்யும் மதிப்பைத் தொகுத்தாருக்கும் செய்தலே பதிப்பாசிரியர் கடன் என்க.