ஒரு மோட்டார், இரண்டு வேகம்

காசிமேட்டு விசைப்படகு ஒன்றின் ஷாஃப்டில் கீவே போடும் வேலை. மூலக்கொத்தளத்துப் பட்டறையில், டூல்ரூம்காரர்கள் எம்1டிஆர் என்று சொல்லும் மில்லிங் மெஷின். 20 மி.மீ. எண்ட்மில்லைக் கழற்றிவிட்டு 10 மி.மீ. கட்டரை மாட்டினார் ஆபரேட்டர். பெல்ட்டில் கை வைக்கவில்லை. ரோட்டரி ஸ்விட்சை ஒரு திருப்பு. ஸ்பிண்டில் 400 சுற்றிலிருந்து 800-க்குப் போனது. நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டு வேகம் என்றால் இந்த இரண்டு கட்டருக்கும் அதுதான் கணக்கு. விட்டம் பாதியானால் சுற்று இரட்டிப்பாக வேண்டும். அதை மோட்டாரே செய்துகொடுத்துவிட்டது.

இந்த மோட்டாருக்கு அடிப்படை, ஸ்வீடன் பொறியாளர் ராபர்ட் டாலண்டர் 1897-இல் கண்ட இணைப்பு முறை. நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 துருவ மோட்டாரின் காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 முறை சுற்றும். 8 துருவமானால் 750. ஒரே காயிலை இரண்டு விதமாக இணைத்துத் துருவ எண்ணிக்கையை மாற்றுகிறார்கள். நான்கு படி புல்லியும் பேக் கியரும் தரும் 8 வேகம் இதனால் 16 ஆகிறது. எலெக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. கடல் காற்றும் இரும்புத் தூசியும் படிகிற வடசென்னைப் பட்டறைக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆனால் "ஸ்லோவில் போட்டால் இழுவை ஜாஸ்தி" என்று பட்டறைகளில் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். மில்லிங்கில் வழக்கமாக வருவது டெல்டா–டபுள் ஸ்டார் இணைப்பு. அதில் இரண்டு வேகத்திலும் முறுக்குவிசை ஏறக்குறைய ஒன்றே. வேகம் குறையும்போது குதிரைத்திறன்தான் குறைகிறது. இழுவையைக் கூட்டுவது பேக் கியரும் புல்லியும். 100 மி.மீ. ஃபேஸ் கட்டரை மாட்டி, கியர் போடாமல் மோட்டாரை மட்டும் ஸ்லோவில் வைத்தால் மெஷின் திணறத்தான் செய்யும்.

உண்மையான பலவீனம் பராமரிப்பில் இருக்கிறது. ஆறு ஒயர் வெளியே வந்தாலே ஸ்டார்-டெல்டா மோட்டார் என்று முடிவுகட்டி எரித்துவிடுகிறார்கள். மல்டிமீட்டரை எடுத்தால் ஒரு நிமிட வேலை: ஸ்டார்-டெல்டா மோட்டாரில் இரண்டிரண்டாக மூன்று ஜோடிகளுக்குள் மட்டும் தொடர்பு காட்டும், டாலண்டரில் ஆறு முனையும் ஒன்றோடொன்று தொடர்பு காட்டும், தனித்தனி வைண்டிங் என்றால் மூன்று மூன்றாகப் பிரியும். இன்னொரு தவறு, இரண்டு வேகத்துக்கும் ஒரே ஓவர்லோடு ரிலே. ஃபாஸ்ட்டின் ஆம்பியருக்கு வைத்த ரிலே, குறைந்த ஆம்பியர் எடுக்கும் ஸ்லோ வேகத்தில் மோட்டாரைக் காப்பாற்றாது. மெஷின் ஓட ஓட ஃபாஸ்ட்டிலிருந்து ஸ்லோவுக்குத் தள்ளுவதும் கூடாது. மோட்டார் ஜெனரேட்டராகி பிரேக் பிடிக்கும், அந்த உதை பெல்ட்டுக்கும் கியருக்கும் போகும்.

இத்தனை தொல்லை எதற்கு, மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் எலெக்ட்ரானிக் டிரைவ் போட்டுவிடலாமே என்பது இன்றைய பேச்சு. வேகத்தைப் படியில்லாமல் மாற்றலாம், மெதுவாக ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவில் முறுக்குவிசையும் குறையாது, நியாயமான வாதம். மூன்று ஃபேஸ் இருக்கிற இடத்தில், பேக் கியரையும் விடாமல் பயன்படுத்தினால், டிரைவ் மேல்தான். சிங்கிள் ஃபேஸ் பட்டறையில் கணக்கு மாறும். 230 வோல்ட்டில் ஓடும் சாதாரண டிரைவ் அதற்கு மேல் வோல்டேஜ் கொடுக்காது. 415 வோல்ட்டுக்குச் சுற்றிய டூ ஸ்பீட் மோட்டாருக்கு ஏறக்குறைய 28 ஹெர்ட்ஸ் வரைதான் முழு இழுவை கிடைக்கும். அதற்கு மேல் வேகம் வரும், வலு வராது.

எனக்குப் பொறுக்காதது வேறொரு வழக்கம். எரிந்த டூ ஸ்பீட் மோட்டாரைச் செலவு பார்த்து ஒற்றை வேகமாகச் சுற்றித் தருவது. பதினாறு வேகம் எட்டாகிறது. அதன் பிறகு பெல்ட் மாற்ற அலுத்துக்கொண்டு ஆபரேட்டர் 10 மி.மீ. கட்டரையும் 400-லேயே ஓட்டுகிறார். அதே டேபிள் ஃபீடில் ஒவ்வொரு பல்லுக்கும் இரட்டைச் சுமை, முனை உடைகிறது. அப்படி மிச்சம் பிடித்த வைண்டிங் கூலி சில மாதங்களில் எண்ட்மில் செலவாகவே போய்விடும். வைண்டிங்காரர் பழைய காயிலை வெட்டுமுன் சுற்று எண்ணிக்கை, ஸ்லாட் இடைவெளி, ஆறு முனைகளின் வரிசை மூன்றையும் எழுதிக்கொள்ள வேண்டும். வரிசை தப்பினால் ஸ்விட்சைத் திருப்பியதும் ஸ்பிண்டில் எதிர்த்திசையில் சுற்றும். எழுதிய சீட்டை வாங்கி பேனல் கதவின் உட்புறம் ஒட்டிவைப்பது பட்டறைக்காரரின் வேலை.