ஆராதனையும் வசவும்: நம்முடைய ஜப்பானைப் பற்றிச் சில குறிப்புகள்

1

ராசிபுரத்தில் சில வருஷங்களுக்கு முன்பு நடந்த ஒரு கவிதைக் கூட்டத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கல்யாண மண்டபத்து மாடி. முப்பது பேர் இருப்போம். அன்றைக்கு ஹைக்கூ அமர்வு. பாஷோ, தவளை, பழைய குளம், ஜென், மௌனம் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. நானும் பேசினேன். சொல்லாமல் விடுவதில்தான் ஜப்பானிய மனம் இருக்கிறது என்று கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டே சொன்னதாக ஞாபகம். பேசி முடிக்கவும் கீழேயிருந்து டீ வரவும் சரியாக இருந்தது. தூக்குவாளியோடு வந்த பையனுக்குப் பதினெட்டு வயசு இருக்கலாம். வடகிழக்கிலிருந்து வேலைக்கு வந்தவன். கவிஞர் ஒருவர், ‘டேய் ஜப்பான், இந்தப் பக்கம் ரெண்டு டீ குடுறா’ என்றார். மாடியே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புக்காகத்தான் இந்தக் குறிப்புகள். ஒரு மணி நேரம் ஆராதனையாக இருந்த ஒரு சொல் அரை நிமிஷத்தில் வசவாகிவிட்டது. அங்கே இருந்த யாருக்கும் அது உறுத்தவில்லை. இதை முரண்பாடு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அப்படிப் படவில்லை. ஆராதனையும் வசவும் ஒரே பார்வையின் இரண்டு வேலைகள். ஒரு பண்பாட்டை அதன் மனிதர்களிடமிருந்து உரித்தெடுத்துத் தனியே வைத்துக்கொள்ள முடிந்தால்தான் ஒன்றைக் கும்பிடவும் மற்றதை ஏசவும் ஒரே வாயால் முடியும்.

2

இது ராசிபுரத்துக் கண்டுபிடிப்பு அல்ல. 1887இல் வான்கோ ஹிரோஷிகேயின் அச்சுப்படங்களைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைந்தார். அவர் ஜப்பானுக்குப் போனதே இல்லை. பாரிஸ் முழுக்க விசிறியும் கிமோனோவும் பரவிக்கிடந்த காலம் அது. இந்த ஜப்பான் முழுக்க முழுக்கக் கலைஞர்களின் புனைவு, அப்படி ஒரு நாடும் இல்லை, ஜனமும் இல்லை என்று 1889இலேயே ஆஸ்கார் ஒயில்ட் கிண்டலாக எழுதிவிட்டார். 1970இல் ரோலண்ட் பார்த் ஜப்பானைக் குறிகளின் பேரரசாக வாசித்தபோது, தான் எழுதுவது நிஜ ஜப்பான் அல்ல என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டார். நேர்மைதான். ஆனால் அந்த நேர்மை, எழுதப்படுகிறவனுக்குப் பதில் சொல்லும் இடத்தைத் தரவில்லை.

அதே காலங்களில் சட்டங்கள் என்ன செய்துகொண்டிருந்தன? 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில் இனச் சமத்துவ வாசகம் ஒன்றைச் சேர்க்கச் சொல்லி ஜப்பான் கேட்டது. அது ஏற்கப்படவில்லை. 1924இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேறும் கதவை மூடியது. 1942இல் ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்குப்பேர் அமெரிக்கக் குடிமக்கள். 1982இல் டெட்ராய்டில் வின்சென்ட் சின் அடித்துக் கொல்லப்பட்டார். ஜப்பானியக் கார்களால் வேலை போகிறது என்ற ஆத்திரத்துக்குப் பலியான அவர் ஜப்பானியர் அல்ல, சீன வம்சாவளி அமெரிக்கர். கொன்ற இருவருக்கும் சிறை இல்லை. ஆளுக்கு 3,000 டாலர் அபராதம், நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆத்திரத்துக்கு முகம் போதும், ஊர் பேர் தேவையில்லை. ராசிபுரத்திலும் அந்தப் பையன் எந்த ஊர் என்று நாங்கள் கேட்கவில்லை.

3

தமிழுக்கு ஜப்பானியக் கவிதையை அறிமுகப்படுத்தியவர் பாரதி. 1916இல் சுதேசமித்திரனில் எழுதினார். அதற்கு அவருக்குத் தூண்டுதல் நோகுச்சி என்ற ஜப்பானியக் கவிஞர் ‘மாடர்ன் ரிவ்யூ’வில் எழுதியது. ரஷ்யாவை ஜப்பான் 1905இல் தோற்கடித்த பிறகு ஆசியா நிமிர்ந்து பார்த்த காலம். ஆகவே பாரதியின் வியப்பில் ஒரு விடுதலை அரசியல் இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் நாம் நோகுச்சியை அந்த வருஷத்தோடு விட்டுவிட்டோம். இதே யோனே நோகுச்சிதான் 1938இல் சீனா மீதான ஜப்பானின் போரை நியாயப்படுத்தித் தாகூருக்குக் கடிதம் எழுதினார். தாகூர் ஜப்பானை நேசித்தவர். அப்படியிருந்தும், அல்லது அதனாலேயே, கடுமையாக மறுத்தார். நோகுச்சியின் மகன் இசாமு லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த சிற்பி. 1942இல் நியூயார்க்கில் இருந்ததால் அவரைப் பிடிக்கவில்லை. அவராகவே அரிசோனாவின் போஸ்டன் முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். உள்ளே இருக்கிற ஜனங்களுக்குப் பூங்கா அமைக்க வரைபடம் போட்டார். பூங்கா வரவில்லை. வெளியே போகிறேன் என்று கேட்டபோது உடனே விடவும் இல்லை.

ஒரே குடும்பம். அப்பா ஏகாதிபத்தியத்தின் வக்கீல். மகன் இனவெறியின் கைதி. நம் ஹைக்கூ உரைகளில் இந்த இருவருமே இல்லை. 1984இல் அமுதபாரதி, அறிவுமதி தொகுப்புகளுக்குப் பின் நூற்றுக்கணக்கில் ஹைக்கூ நூல்கள் வந்துவிட்டன. முன்னுரைகளில் பனித்துளி உண்டு, செர்ரிப் பூ உண்டு. தீண்டாமைக்கு ஒப்பான ஒதுக்கலைச் சுமந்த புராகுமின் மக்கள் இல்லை. அவர்கள் 1922இல் கியோட்டோவில் கட்டிய சுய்ஹெய்ஷா இயக்கமும் இல்லை. 1923 பூகம்பத்துக்குப் பின், கிணற்றில் விஷம் வைத்தார்கள் என்ற வதந்தியில் கொல்லப்பட்ட ஆயிரக்கணக்கான கொரியர்களும் இல்லை. சாதி என்றால் என்னவென்று தெரிந்த நமக்கு ஜப்பானில் முதலில் கண்ணில் பட்டிருக்க வேண்டியது இதுவல்லவா?

4

இனி நம் சொந்தக் கணக்கு. மலேயா ரப்பர்த் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த இடங்களில் அன்றைய சேலம், திருச்சி மாவட்டங்கள் முக்கியமானவை. பஞ்சத்தில் அடிபட்ட மேட்டாங்காட்டு ஜனம், பண்ணையத்தில் கட்டுண்டு கிடந்த தலித் மக்கள், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினார்கள். என் அப்பாருவின் அண்ணன் அப்படிப் போனவர். எங்கள் வீட்டில் அவரைப் பற்றி இருப்பது ஒரே ஒரு வாக்கியம். ‘சப்பான்காரன் சயாமுக்கு ஓட்டிக்கிட்டுப் போயிட்டானாம், அத்தோட சரி.’ ஆத்தா அதைச் சொல்லும்போது அழுததில்லை. மழை பெய்யவில்லை என்பதுபோலச் சொல்லும்.

1942-43இல் சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை அது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். அவர்களில் 12,000க்கும் மேல் இறந்தார்கள். ஆசியக் கூலிகள் இரண்டு லட்சம் பேர் அளவில் இருக்கலாம் என்றும், இறந்தவர்கள் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்றும் மதிப்பிடுகிறார்கள். மலேயாத் தமிழர்கள் அதில் பெரும் பங்கு. காலரா, பட்டினி, அடி. காஞ்சனபுரி கல்லறையில் ஏறத்தாழ 7,000 போர்க்கைதிகளுக்குத் தனித்தனிக் கல்லறை இருக்கிறது. நம் ஆட்களுக்குப் பெயர்ப் பட்டியல்கூட ஒழுங்காக இல்லை.

1957இல் வந்த ‘க்வாய் நதிப் பாலம்’ படத்தை உலகம் கொண்டாடியது. ஏழு ஆஸ்கார். அதில் ஆங்கிலேய அதிகாரியின் கௌரவம் இருக்கிறது, ஜப்பானிய அதிகாரியின் கௌரவம் இருக்கிறது. அந்தப் பாதையில் செத்த தமிழ்க் கூலி இல்லை. படம் எடுத்த இடமோ இலங்கையின் கித்துல்கல. இன்னொரு தொகைத் தமிழ்க் கூலிகளின் மலையகத்துக்கு அடிவாரம்!

வெள்ளைக்காரன் மறந்தது இருக்கட்டும். நாம் ஏன் மறந்தோம்? ஒரு காரணம், நேதாஜியின் ராணுவத்துக்கு ஜப்பான் துணை. தோட்டத் தமிழர்கள் திரளாக அதில் சேர்ந்தார்கள். அந்தப் பெருமைக் கதையாடலுக்குள் ரயில் பாதைப் பிணங்களை வைக்க இடமில்லை. இன்னொரு காரணம், செத்தவன் கூலி. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்று மலேசியத் தமிழர்கள் நாவலாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஆள் அனுப்பிய ஊர்களான நாம் அவற்றைப் பரவலாகப் படிக்கக்கூட இல்லை. ஆனால் தமிழும் ஜப்பானிய மொழியும் உறவு என்று சுசுமு ஓனோ சொன்னதை மேடைதோறும் சொன்னோம். மொழியியலாளர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை என்பதைச் சொல்லவில்லை. 1998இல் ‘முத்து’ டோக்கியோவில் ஓடியதைக் கொண்டாடினோம். பணக்கார உறவைத் தேடிப்போகிற ஏழைப் பங்காளியின் மனசு இது.

5

ஜப்பான் ஆராதனைக்கு நம் பக்கத்தில் ஒரு வர்க்கப் பயனும் உண்டு. பள்ளிபாளையம், திருச்செங்கோடு வட்டாரத்தில் விசைத்தறி ஓட்டுகிற எவரும் இந்தக் கதையைக் கேட்டிருப்பார்கள். ‘ஜப்பான்ல ஸ்ட்ரைக்குன்னா வேலைய நிறுத்த மாட்டானுங்க, ஒத்தக் கால் செருப்பா செஞ்சு குவிப்பானுங்க.’ கூலி உயர்வு கேட்கும்போதெல்லாம் முதலாளி இதை எடுத்து விடுவார். நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் விடியற்காலைப் படிப்புக்கும் இதே ஜப்பான்தான் உதாரணம். நிஜ ஜப்பானில் 1960இல் மீய்க்கே நிலக்கரித் தொழிலாளர்கள் பத்து மாதம் வரை வேலையை நிறுத்திப் போராடினார்கள். அந்த ஜப்பான் தறிக் கொட்டகைக்குள் வரவே இல்லை. நமக்குக் கிடைத்தது எதிர்த்துப் பேசாத ஜப்பான்.

எதிர்த்துப் பேசாத ஆளைத்தான் இன்றைக்கு இந்தச் சமவெளி ரயிலில் இறக்குமதி செய்கிறது. கோழிப்பண்ணை, நூற்பாலை, வெல்ல ஆலை எல்லாவற்றிலும் ஒடிசா, பீகார், அசாம் ஆட்கள். கங்காணிக்கு இப்போது ஏஜென்ட் என்று பெயர். ஒரு கொலைக்குப் பின் சந்தேகமும் தீவைப்புமாகக் கிடந்த ஜேடர்பாளையம் பகுதியில், 2023 மே மாதம், வெல்ல ஆலைக் கொட்டகையில் தூங்கிக்கொண்டிருந்த வெளிமாநிலத் தொழிலாளர்கள் மீது தீ வைத்தார்கள். உயிர் போயிற்று. 1923இல் கிணற்று விஷம் என்ற வதந்தி. 2018இல் தமிழ்நாட்டில் பிள்ளை பிடிக்கிறவன் என்ற வதந்தியில் வடமாநிலத்தார் அடிபட்டது. 2014இல் டெல்லியில் அருணாசலப் பிரதேசத்து மாணவன் நிடோ தானியா முடியையும் முகத்தையும் கேலி செய்தவர்களிடம் அடிபட்டுச் செத்தது. இவை ஒன்றல்ல என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்நியன் தனி ஆளாக இல்லாமல் ஒரு முகமாக மட்டும் தெரிவது எல்லாவற்றிலும் ஒன்றுதான்.

6

‘அப்ப ஹைக்கூ எழுதவே கூடாதுங்கிறீங்களா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படிச் சொல்லவில்லை. போருக்கு வக்காலத்து வாங்கிய ஒருவரின் வழியாக வந்தது என்பதற்காக வடிவத்தைக் குற்றவாளியாக்க முடியாது. அயல் பண்பாட்டை நேசிப்பதும் பாவமில்லை. நேசிக்கிறவனுக்கு ஒரு கடன் உண்டு என்பதுதான் என் வாதம். தாகூர் அதைச் செலுத்தினார். நேசித்த நாட்டிடம் கோபப்பட்டார். நாம் கோபப்படும் அளவுக்கு ஜப்பானை மதிக்கவில்லை, தெரிந்துகொள்ளவும் இல்லை. கும்பிட்டோம், கும்பிடுவது சுலபம்.

சொல்லாமல் விடுவதுதான் ஜப்பானிய மனம் என்று அன்றைக்கு நான் சொன்னேனே, எங்கள் வீட்டில் ஆத்தாவும் சொல்லாமல்தான் விட்டது. அதை யாரும் அழகியல் என்று சொல்லவில்லை.

கூட்டம் முடிந்து கீழே இறங்கினபோது டம்ளர் கழுவிக்கொண்டிருந்த பையனிடம் ஊர் எது என்று கேட்டேன். கார்பி ஆங்லாங் என்றான். எனக்குப் புரியவில்லை. ‘அசாம், அண்ணா’ என்று நான் புரிந்துகொள்கிற மாதிரி சுருக்கிச் சொன்னான். பிறகு, ‘மேல என்ன மீட்டிங்?’ என்றான் நல்ல தமிழில். கவிதை என்றேன். ‘ஜப்பான் கவிதையா?’ என்று கேட்டுவிட்டு, சிரிக்காமல், அடுத்த டம்ளரை எடுத்தான்.