மூன்று வேலைக்கு ஒரே ஒயில்

உவர்மலை ஏற்றம். பின்னால் மகள், தாங்கியின் மேல் பத்துக் கிலோ அரிசி. இரண்டாம் கியரில் அக்சிலேற்றரைத் திருகினேன். எஞ்சின் இரைந்தது, ஆர்பிஎம் முள் ஆறாயிரத்தைத் தொட்டது, ஆனால் வேகம் 15ஐத் தாண்டவில்லை. கருகல் மணம் வந்ததும் மகள், “அப்பா, என்னவோ எரியுது” என்றாள். இறங்கித் தள்ளிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனோம்.

வண்டி பல்சர் 150. பத்து வருடமாக என்னிடம் இருக்கிறது. அதன் சக்தி, மைலேஜ், பிரேக் பற்றியெல்லாம் இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒழுங்கைக்கு நாலு பல்சர் நிற்கிற ஊர் இது. நான் எழுத வந்தது அதன் வயிற்றுக்குள் ஊற்றுகிற ஒரு லீற்றர் சொச்சம் ஒயிலைப் பற்றி. ஒன்பது கிழமை, 2,400 கிலோமீற்றர் அதோடு வாழ்ந்த பிறகு ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன்: பைக்குக்கு ஒயில் வாங்கும்போது எஞ்சினை நினைக்காதீர்கள், கிளச்சை நினையுங்கள்.

ஏற்றத்தில் நின்றுபோவதற்கு மூன்று கிழமைக்கு முன்னர்தான் ஒயில் மாற்றியிருந்தேன். நல்லதாகப் போடுவோம் என்று நானே கேட்டு, விலை கூடிய 10டபிள்யூ-30 சின்தெட்டிக் ஒன்றை ஊற்றச் சொன்னேன். அது காருக்குரியது. கடையில் இருந்தவர் தடுக்கவில்லை, நானும் போத்தலின் பின்பக்கத்தை வாசிக்கவில்லை. முதல் நாள் எஞ்சின் பட்டுப்போல ஓடியதால் ஏமாந்துபோனேன்.

கிண்ணியாவில் எனக்குப் பழக்கமான கராஜ் ஒன்று இருக்கிறது. வண்டியை அங்கே கொண்டுபோனேன். கராஜ்கார நானா கிளச் மூடியைக் கழற்றி, பிளேட்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினார். ஒன்றை எடுத்துப் பெருவிரலால் தேய்த்துக் காட்டினார். மங்கலாக இருக்கவேண்டிய முகம் கண்ணாடி பிடித்ததுபோல மினுங்கியது.

“பிளேட் தேஞ்சு போச்சா நானா?”

“தேயல்ல தம்பி. வழுக்குது. கார் ஒயில் ஊத்தினீங்களா?”

பிளேட்டுகளைக் கழுவி, இரும்புத் தட்டுகளை உரஞ்சு தாளால் இலேசாக உரசி, உராய்வுத் தட்டுகளை இரவு முழுக்கப் புது ஒயிலில் ஊறப்போட்டார். மறுநாள் பூட்டினார். தகடு ஒன்றும் மாற்றவேண்டி வரவில்லை. அதற்கு அவருடைய பொறுமைதான் காரணம்.

விஷயம் இதுதான். காரில் எஞ்சின் ஒயில் எஞ்சினுக்குள் மட்டும் ஓடும். கியர் பெட்டிக்கு வேறு ஒயில், கிளச் காய்ந்த நிலையில் வெளியே இருக்கும். எங்கள் பைக்குகளில் ஒரே ஒயில் பிஸ்டனையும் கிராங்கையும் குளிரவைக்கிறது, பிறைமறிப் பற்சக்கரத்தையும் கியர் பற்களையும் நனைக்கிறது, கிளச் தட்டுகளுக்கு இடையிலும் புகுந்து வெளியேறுகிறது. முதல் இரண்டும் வழுக்கலை விரும்புகின்றன. மூன்றாவது பிடிமானத்தால் மட்டுமே உயிர் வாழ்கிறது. எரிபொருளை மிச்சப்படுத்துவதற்காகக் கார் ஒயில் சிலவற்றில் மொலிப்டினம் போன்ற உராய்வு குறைக்கும் சேர்மானங்களைக் கலக்கிறார்கள். காருக்கு அது வரம், நனைந்த கிளச்சுக்கு நஞ்சு. போத்தலில் உள்ள ஏபிஐ வட்டத்தின் கீழ்ப்பாதியில் ‘ரிசோர்ஸ் கன்சேவிங்’ என்று இருந்தால் பைக்காரர் அதைத் தொடவே கூடாது.

இந்தச் சிக்கலுக்காகவே ஜப்பானியர் 1998இல் ஜாசோ டி 903 என்ற தரத்தைக் கொண்டுவந்தார்கள். ஒயிலில் ஊறிய கிளச் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் நிறுத்துகிறது என்று அளந்து வகுக்கிறார்கள். உராய்வு கூடியது எம்ஏ, குறைந்தது எம்பி. 2006இல் எம்ஏயை எம்ஏ1, எம்ஏ2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். பிடிமானத்தில் எம்ஏ2தான் மேல். போத்தலின் பின்பக்கத்தில் சின்னப் பெட்டி ஒன்று இருக்கும்: மேல்வரியில் பதிவு இலக்கம், கீழ்வரியில் இந்த எழுத்துகள். விலையையும் முன்பக்கப் படத்தையும் விட இந்தப் பெட்டிதான் பெறுமதியானது. ஸ்கூட்டர்களில் கிளச் காய்ந்த நிலையில் ஓடுவதால் அவற்றுக்கு எம்பி பொருந்தும். பின்சில்லுப் பக்கத்துக் கியர் பெட்டிக்கு மட்டும் தனியாகக் கொஞ்சம் கியர் ஒயில் வேண்டும். பலர் அதை வாழ்நாளில் மாற்றுவதே இல்லை.

மூன்று வேலைக்கும் மூன்று ஒயில் என்றிருந்த காலமும் உண்டு. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் வார்ப்பிரும்பு எஞ்சின் புல்லட் ஒன்றைப் பிள்ளைபோல வளர்க்கிறார். 1955இல் மெட்ராசில் உருவாகத் தொடங்கிய பரம்பரை அது. எஞ்சினுக்கு 20டபிள்யூ-50, கியர் பெட்டிக்கு 90ஆம் இலக்கக் கியர் ஒயில், பிறைமறிச் சங்கிலிப் பெட்டிக்குத் தனியாக அரை லீற்றருக்கும் குறைவாக மெல்லிய ஒயில் என்று மூன்று போத்தல் வைத்திருக்கிறார். 90 என்ற இலக்கத்தைக் கண்டு அது பாகுபோல இருக்கும் என்று நினைத்திருந்தேன். கியர் ஒயிலின் இலக்கங்கள் வேறொரு அளவுகோலில் வருபவை என்று அவர்தான் விளக்கினார். சூடான நிலையில் 90இன் தடிப்பு எஞ்சின் ஒயிலின் 40க்கும் 50க்கும் அண்மையில்தான் நிற்கிறது. இன்னொன்றும் சொன்னார்: பழைய கியர் பெட்டிக்குள் வெண்கலப் புஷ்கள் இருக்கின்றன. ஜிஎல்-5 வகைக் கியர் ஒயிலில் கூடுதலாக உள்ள கந்தகச் சேர்மானம் சூட்டில் வெண்கலத்தை அரிக்கக்கூடும் என்பதால் அவர் ஜிஎல்-4ஐத் தேடித்தான் வாங்குவார். கிளச் தனி அறையில் இருப்பதால் அதற்கு எது பிடிக்கும் என்று தனியாகத் தெரிவு செய்ய அவரால் முடிகிறது. பிற்பாடு வந்த, கியர் பெட்டியும் ஒரே கூட்டுக்குள் அமைந்த யுசிஈ எஞ்சினில் புல்லட்டும் ஒரே ஒயிலுக்கு மாறிவிட்டது. எங்களுக்கு அந்தச் சலுகை தொடக்கத்திலிருந்தே இல்லை. ஆகவே மூன்று பேர் சாப்பிடும் பந்தியில் ஒவ்வாமை உள்ளவருக்கு ஏற்றபடி சமைக்கிறோமே, அதுபோலத் தெரிவு செய்ய வேண்டும்.

இப்போது ஓடுவது சீனன்குடாவில் கலந்த 20டபிள்யூ-50, எம்ஏ2. ஊர்ப்பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். கிண்ணியாவுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைத் தாண்டுகிறேன். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரித்தானியர் கட்டத் தொடங்கிய எண்ணெய்த் தாங்கிகள் காட்டுக்குள் வரிசையாக நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9 ஜப்பானியத் தாக்குதலில் ஒன்று எரிந்தது. இப்போது இருப்பவை 99. 2003இல் வந்த லங்கா ஐஓசி அவற்றில் ஒரு பகுதியைப் பயன்படுத்துகிறது, சேர்வோ ஒயிலையும் இங்கேயே கலந்து போத்தலில் அடைக்கிறது. அடிப்படை எண்ணெய் கடல்வழியே வந்தாலும் கலக்கிற கை எங்கள் துறைமுகத்துக் கை. ஆனாலும் எம்ஏ2 பெட்டி இல்லாவிட்டால் ஊர்ப் போத்தலையும் வாங்கமாட்டேன். சப்புகஸ்கந்தையில் கலக்கப்படும் கால்டெக்சில் அந்தப் பெட்டி இருந்தால் தயங்காமல் ஊற்றுவேன்.

20டபிள்யூ பழையது, 5டபிள்யூ வாங்குங்கள் என்று ஆலோசனை சொல்பவர்கள் இருக்கிறார்கள். டபிள்யூ என்றால் குளிர்காலம். உறைநிலைக்கும் கீழே எஞ்சின் சுற்றுமா என்று சோதித்துத் தருகிற இலக்கம் அது. 20டபிள்யூவுக்கான சோதனை மைனஸ் 15 பாகையில் நடக்கிறது. மார்கழி விடியலிலும் பொதுவாக 20 பாகைக்குக் கீழே இறங்காத இந்த ஊரில் அதற்கு மேல் பணம் கொடுக்கத் தேவையில்லை. கச்சான் காற்று அடிக்கிற வெயிலில் கந்தளாய் வரை ஓடும்போது எங்களைக் காப்பது பின்னால் உள்ள 50தான்.

ஒன்பது கிழமையில் கண்டதைச் சொல்கிறேன். முதல் ஆயிரம் கிலோமீற்றரில் கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல விழுந்தது. 1,700க்குப் பிறகு சிக்னலில் நியூட்ரல் தேடவேண்டியிருந்தது. 2,300இல் மூன்றாம் கியர் ‘கடக்’ என்று குரல் கொடுத்தது. கியர் பற்கள் ஒயிலின் நீண்ட மூலக்கூறுகளை நறுக்கி நறுக்கி அதை மெலியவைக்கின்றன. நிறத்தைப் பார்த்து இதை அறிய முடியாது. கறுத்த ஒயில் கெட்ட ஒயில் என்று பலர் நினைக்கிறார்கள். கரியைப் பிடித்து வைத்துக்கொள்வதும் ஒயிலின் வேலைதான், அதனால்தான் கறுக்கிறது. ஒயில் எப்போது களைத்தது என்பதை உங்கள் இடதுகால் சொல்லும். என் கால் 2,500 என்கிறது.

துறைமுகப் பக்கத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. என் வீட்டிலிருந்து வேலைக்கு மூன்று கிலோமீற்றர்தான். மாரியில் ஒயில் சூடாகுமுன் எஞ்சினை நிறுத்திவிடுகிறேன். உள்ளே படிகிற ஈரம் ஆவியாகாமல் ஒயிலோடு கலந்து, மூடியைத் திறந்தால் அடியில் பால்கோப்பி நிறத்தில் ஆடை கட்டியிருக்கும். அதற்கு ஒயிலைக் குறைசொல்லக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நிலாவெளி வரை நிற்காமல் ஒரு ஓட்டம் ஓடினால் ஆடை போய்விடும். ஓடி முடித்ததும் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, சில நிமிடம் ஆறவிட்டு, வலப்பக்கக் கண்ணாடியில் மட்டம் பாருங்கள்.

கிளச் வழுக்குகிறதா என்று ஐயம் வந்தால் முதலில் லீவரின் ஓட்டத்தைப் பாருங்கள், இரண்டு மூன்று மில்லிமீற்றர் இருக்கவேண்டும். பிறகு சமதரையில் மேல் கியரில் மெதுவாக ஓடிக்கொண்டே அக்சிலேற்றரை முழுதாகத் திருகுங்கள். சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் போத்தலைத் தேடி எடுத்துப் பின்பக்கத்தை வாசியுங்கள்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பல வருடம் எங்களுக்குக் கிடைத்தது இருக்கிற பைக் மட்டும்தான். அதை ஓடவைப்பதே குடும்பத்தை ஓடவைப்பதாக இருந்தது. அப்படிப்பட்ட வண்டிக்குள் ஊற்றுகிற ஒன்றை வாசிக்காமல் ஊற்றியதுதான் என் பிழை.

போன சனிக்கிழமை ஒயிலை இறக்கினேன். வெள்ளைத் துணியில் வடித்துப் பார்த்தேன். உலோகத் தூள் இல்லை, கருகல் மணமும் இல்லை. கழிவொயிலைக் கானுக்குள் ஊற்றவில்லை, எங்கள் கான்கள் எல்லாம் குடாவில்தான் போய் முடிகின்றன. பழைய கலனில் மூடி, நானாவிடம் கொடுத்தேன். வேலிக் கட்டைகளுக்குப் பூசக் கேட்டு அவரிடம் ஆட்கள் வருவார்கள். புதுப் போத்தலும் அதே 20டபிள்யூ-50தான். கடையில் அதைத் திருப்பிப் பார்த்துப் பெட்டியைக் கண்டுபிடித்தவள் மகள்.