பலகையும் பெட்டியும்

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுகிறோம். புத்தகத்துக்கு எழுதுகிறோம். ஓட்டல் சாம்பாருக்குக்கூட நட்சத்திரம் போடுகிறோம். ஆனால் கடைத்தெருவில் காலையிலிருந்து ராத்திரி வரை விடாமல் கேட்கிற ஒரு குரலை யாரும் கண்டுகொள்வதில்லை. டீக்கடையிலும் பழக்கடையிலும் 'இருபது ரூபாய் பெறப்பட்டது' என்று கூவுகிறதே, அந்தச் சின்னப் பெட்டியைத்தான் சொல்கிறேன். இந்த வார விமர்சனம் அதற்கு.

எனக்கு இரண்டு கிறுக்கு உண்டு. பழைய காசு சேர்ப்பது ஒன்று. கெட்டுப்போன மின்சாமான் எது கிடைத்தாலும் திருப்புளியால் திறந்து பார்ப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சேர்த்துத் தீனியாக, கொட்டாரத்தில் ஒரு பழக்கடையில் பேச்சு நின்றுபோன பெட்டி ஒன்று கிடைத்தது. திரும்ப வாங்கிப்போக ஆள் வரவே இல்லையாம். திறந்தால், பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு ஸ்பீக்கர், ஒரு பேட்டரி, ஒரு சிம் கார்டு, கொஞ்சம் சர்க்யூட். அவ்வளவுதான் சார்.

கடையில் ஒட்டியிருக்கும் கட்டம் போட்ட படத்துக்கும் பெட்டிக்கும் நேரடி உறவு கிடையாது. அந்த க்யூஆர் கோடு 1994-ல் ஜப்பானில், டென்சோ நிறுவனத்தில், கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காகப் பிறந்தது. கடையில் அதற்கு இருக்கும் வேலை, கடைக்காரரின் பண விலாசத்தைச் சொல்வது மட்டும்தான். நீங்கள் பணம் அனுப்பினால் உங்கள் வங்கி கழிக்கும், அவர் வங்கி வரவு வைக்கும். நடுவில் நின்று இரண்டையும் இணைப்பது 2016-ல் வந்த யுபிஐ. எல்லாம் முடிந்த பிறகு பெட்டிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் சிம் வழியாக ஒரு சேதி அனுப்பும். பெட்டி தன்னிடமுள்ள சொற்களைக் கோத்துப் பேசும். நம் கைக்கும் கடைக்காரர் கைக்கும் நடுவே இரண்டு முழ தூரம்தான். பணம் பல ஊர் சுற்றிவிட்டு வருகிறது.

இப்போது பழைய கதை. 1956 நவம்பர் 1 வரை கொட்டாரம் திருவிதாங்கூர்ச் சீமை. அந்தச் சீமையின் காசுக்குச் சக்கரம் என்று பெயர். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆரல்வாய்மொழி தாண்டினால் வேறு காசு. பிரிட்டிஷ் ரூபாய் ஒன்றுக்கு 28½ சக்கரம் கொடுக்கவேண்டும். 19-ஆம் நூற்றாண்டின் வெள்ளிச் சக்கரம் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னது. ஆயிரக்கணக்கில் எண்ண வேண்டுமென்றால் கண்ணு போயிரும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒரு மரப்பலகை, அதில் வரிசை வரிசையாகக் குழி. சக்கரத்தை அள்ளிப்போட்டுக் குலுக்கினால் குழிக்கு ஒன்றாக உட்காரும். மிச்சத்தை வழித்து எடுத்தால், குழி எத்தனையோ காசு அத்தனை. நூறு குழி, நூறு சக்கரம்.

அந்தப் பலகையின் அழகு வேகத்தில் இல்லை. கொடுக்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே பலகையைப் பார்த்தார்கள். ஒரு குழி காலியாக இருந்தால் இரண்டு பேருக்கும் தெரியும். எழுத்து தெரியாதவருக்கும் தெரியும். பக்கத்துத் தெருவுக்குத் தெரியாது.

பணக் கருவி எது வந்தாலும் நான் கேட்கிற கேள்வி இதுதான்: காட்டவேண்டிய இரண்டு பேருக்கும் காட்டுகிறதா? மற்றவனுக்குக் காட்டாமல் இருக்கிறதா?

பெட்டிக்கு முதல் கேள்வியில் பாதி மார்க் போடலாம். அது வருவதற்கு முன், அனுப்பாத பணத்தை அனுப்பியதாகப் போலிப் படம் காட்டி ஏமாற்றியவர்கள் இருந்தார்கள். மீன் கடவத்தோடு உட்கார்ந்திருக்கிற கிழவி அந்தத் திரையை எப்படிப் படிப்பாள்? அவள் காதுக்குப் புரிகிற மாதிரி பெட்டி சொல்கிறது. பெரிய உபகாரம். சில்லறைக்குப் பதில் மிட்டாய் வாங்குகிற அவமானமும் தீர்ந்தது.

ஆனால் பெட்டி பேசாதபோது?

"போயிட்டுன்னு காட்டுது அக்கா."

"எனக்கு வரல்லியே மக்கா."

இரண்டு பேர் சொல்வதும் நிஜம். இரண்டு பேரும் திருடர் மாதிரி முழிக்கவேண்டியிருக்கிறது. 2025 ஏப்ரல் 12, சனிக்கிழமை, யுபிஐ பல மணி நேரம் திணறியபோது நாடு முழுக்க இந்த நாடகம் நடந்தது. அதே வருஷம் ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிமாற்றம் 2,000 கோடியைத் தாண்டியது. அத்தனை கோடியில் நூறில் ஒரு பங்கு முழித்தால்கூட எத்தனை சண்டை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வியில்தான் பெட்டி ஃபெயில். முன்பெல்லாம் பூக்காரி வாங்கிய காசு சுருக்குப்பைக்குள் போனால் அது அவளுக்கும் பைக்கும் மட்டும் தெரிந்த விஷயம். இப்போது தெருவுக்கே அறிவிப்பு. வட்டிக்காரன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே அவள் வியாபாரத்தை எண்ணலாம். குடிக்கக் காசு கேட்டு வருகிற புருஷனும் எண்ணலாம். "இன்னைக்கு ஓட்டமே இல்ல" என்று அவள் சொல்லும் சின்னப் பொய்க்கு இனி இடமில்லை. பெட்டிக் கம்பெனியும் எண்ணுகிறது. தினசரி வரவைப் பார்த்துவிட்டு 'கடன் வேண்டுமா?' என்று கேட்கிறது.

தமிழில் சிறுவாடு என்று ஒரு சொல் உண்டு. வீட்டுப் பெண்கள் யாருக்கும் தெரியாமல் அரிசிப்பானையிலும் சேலை மடிப்பிலும் சேர்க்கிற பணம். பிள்ளையின் காய்ச்சலுக்கும் மகளின் பரீட்சை ஃபீஸுக்கும் அதுதான் கடைசித் துணை. 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்றதும் அது ஒருமுறை வெளியே வந்து நின்றது. இப்போது பெட்டி அதைத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுக்கிறது. கறுப்புப் பணத்தைப் பிடிப்பது வேறு, ஒரு பெண்ணின் மடியைத் தெருவில் அவிழ்ப்பது வேறு.

பெட்டியை உடைக்கச் சொல்லவில்லை. 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ பரிமாற்றத்துக்குக் கடைக்காரரிடம் கட்டணம் கிடையாது; அது நல்ல காரியம். ஆனால் பெட்டிக்கு மாத வாடகை வாங்குகிறவர்கள், அதைக் கொடுக்கிற அன்றைக்குப் பத்து நிமிஷம் உட்கார்ந்து சொல்லித் தரக்கூடாதா? பல பெட்டிகளில் சத்தத்தைக் குறைக்கப் பொத்தான் உண்டு. கடைசித் தொகையைத் திரும்பக் கேட்கவும் உண்டு. அது எதற்கென்று தெரியாமலே வாடகை கட்டுகிறவர்கள் ஏராளம். வாடிக்கையாளருக்கும் ஒன்று: ஒவ்வொரு யுபிஐ பரிமாற்றத்துக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. தகராறு வந்தால் குரலை உயர்த்தாமல் அந்த எண்ணைக் குறித்துக் கொடுங்கள். பேங்கில் தேட அதுதான் பிடி.

தீர்ப்பு: குரலுக்கு நல்ல மார்க். தமிழுக்குத் தட்டுத்தடுமாறிப் பாஸ். கொட்டாரத்தில் எவனாவது 'பெறப்பட்டது' என்று பேசுவானா? 'வந்திட்டு' என்றால் போதாதா? அடக்கத்துக்குப் பூஜ்யம். அந்த மரப்பலகை ஒரு வார்த்தை பேசியதில்லை. அதன் கணக்கில் யாருக்கும் சந்தேகமும் வந்ததில்லை.